மாதர் சங்கமும் பட்டம் பெற்ற பிள்ளைகளும்

(வாலிபர் சங்க ஆண்டு விழாவில் ஊர் மாதர் சங்கத்தின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



வாலிபர் சங்கத்தின் ஆண்டு விழாவிலே மாதர் சங்கத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கித் தந்தமைக்கு முதற்கண் எமது நன்றியைத் தெரிவித்துக்கொள்கின்றோம். இவ்வித விழாக்களிலே மாதருக்கு வழக்கமாகக் கிடைக்கும் இடம் மேடைக்குப் பின்னாலுள்ள அடுப்படியே. விழா முடிவில், "சிற்றுண்டி வழங்கிய மாதர் சங்கத்தாருக்கும் நன்றி" என்று செயலாளர் தம்பி ஒரு வரி சொல்லுவார். அவ்வளவில் எம் கடமையும் புகழும் முற்றுப்பெறும். இவ்வாண்டு அந்த வரியும் உண்டு, இந்த அரை மணியும் உண்டு என அறிந்து மகிழ்ந்தோம்.

எமக்குத் தரப்பட்ட விடயம், பட்டம் பெற்ற பிள்ளைகளைப் பாராட்டலும் மாதர் சங்கத்தின் ஊர்ப் பணிகளும் என்பதாகும். இவை இரண்டு விடயங்கள் போலத் தோன்றும். நிரலில் இரண்டு இலக்கமிட்டே அச்சடித்திருக்கிறீர்கள். எமக்கோ அவை ஒன்றாகவே படுகின்றன. அதனைச் சொல்லிப் பார்க்கவே இங்கு வந்துள்ளோம்.

இவ்வாண்டு எமது சிற்றூரிலிருந்து பட்டம் பெற்றோர் எழுவர். அவருள் ஐவர் பெண்கள். இதைக் கேட்டதும் வாலிபச் சகோதரர்கள் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதைக் காண்கின்றோம். இதில் வியப்புக்கு இடமில்லை. இலங்கையின் அரசினர் சர்வகலாசாலைகளிலே முதற்பட்டத்துக்குப் பயில்வோருள் இன்று நூற்றுக்கு 60 பேருக்கு மேல் பெண்களே. நாடெங்கும் உள்ள நிலைமைதான் எம் ஊரிலும் தெரிகிறது.

இந்நிலை ஒருநாளில் வந்ததன்று. 1824 ஆம் ஆண்டில் உடுவிலிலே அமெரிக்க மிஷனரிமார் பெண்களுக்கென விடுதிப் பாடசாலை ஒன்றை நிறுவினர். எழுதப் படிக்கத் தெரிந்த பெண் என்றாலே ஊரார் ஒரு மாதிரிப் பார்த்த காலம் அது. சைவப் பெண்பிள்ளைகளுக்கென சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்திலே கல்லூரி அமைப்பதற்கு 1913 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1945 ஆம் ஆண்டிலே, கல்வி மந்திரியாயிருந்த கன்னங்கராவின் முயற்சியால், பாலர் வகுப்பு முதல் சர்வகலாசாலை வரை கட்டணமின்றிக் கற்கும் வழி திறந்தது. வழி திறந்தாலும் தூரம் குறையவில்லை. சர்வகலாசாலை முதலில் கொழும்பிலும், 1952 முதல் பேராதனையிலும் இருந்தது. மகனை இரயிலேற்றி அனுப்பிய குடும்பங்கூட, மகள் என்று வந்தபோது ஆயிரம் முறை யோசித்தது. 1974 ஆம் ஆண்டில் திருநெல்வேலியில், பரமேசுவராக் கல்லூரி இருந்த வளவிலே, யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பெற்றது. 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. காலையில் சைக்கிளிற் போய் மாலையில் வீடு திரும்பக்கூடிய தூரத்திலே ஒரு சர்வகலாசாலை வந்ததே! பெண் கல்வியைப் பற்றி மேடைகளில் முழங்கிய பிரசங்கங்கள் எல்லாவற்றையும் விட அந்தச் சைக்கிள் தூரம் எம் ஊர்ப் பெண்களுக்குச் செய்த உதவி பெரிது என்பது எமது துணிபு.

முன்வரிசையிலிருக்கும் இப்பிள்ளைகள் கற்ற காலமோ சாதாரண காலமன்று. 2020 ஆம் ஆண்டிலே கொரோனாக் கொள்ளைநோய் வந்து பள்ளிகளையும் சர்வகலாசாலைகளையும் மூடியபோது, விரிவுரைகளெல்லாம் கைத்தொலைபேசிக்குள் புகுந்துகொண்டன. வீட்டிலே இருப்பது ஒரு தொலைபேசி. அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே வேளையில் வகுப்பு. அலைவரிசை கிடைக்கும் இடம் வீட்டுக்குள் இல்லை, மதிலோரத்தில் உண்டு என்று கண்டுபிடித்து, மதிலோரம் பாய் விரித்துப் படித்த பிள்ளைகள் இவர்கள். அது ஓய்வதற்குள் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி. நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் நெடுவரிசை. அவ்வாண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஆம் ஆண்டு சனவரியில்தான் தொடங்கிற்று. அக்காவின் பட்டமும் தங்கையின் பரீட்சையும் ஒருங்கே பிந்தின. தாமதித்து வந்த இப்பட்டத்துக்குப் பின்னால் எத்தனை பேருடைய பொறுமை இருந்தது என்பதை வீட்டில் இருந்தவர்களே அறிவர்.

கல்வி இலவசம் என்கிறோம். வகுப்பறைக்குக் கட்டணமில்லை என்பது மெய். ஆனால் பஸ் காசு யார் தருவார்? வெளிமாவட்டத்துச் சர்வகலாசாலையில் இடம் கிடைத்த பிள்ளைக்கு அறை வாடகை யார் கட்டுவார்? மடிக்கணினியின் விலையைக் கேட்டால் எம் போன்றோருக்கு மயக்கம் வருகிறது. மகாபொலப் பணம் வந்து சேரும்வரை கடைக்காரர் கொப்பியில் எழுதிக்கொண்டே இருப்பார். இவ்வளவையும் சமாளித்தது யார் என்று கேட்டால், பெரும்பாலும் அது தாயாராகவே இருக்கும். விடியற்காலை 3 மணிக்கு எழுந்து இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தவர் உண்டு. வெங்காயம் பிடுங்கும் காலத்தில் தோட்டந்தோட்டமாகக் கூலிக்குப் போனவர் உண்டு. சீட்டைக் கழித்துக்கூட முதலாம் ஆண்டிலேயே எடுத்தவர் உண்டு. தாலிக்கொடியை வங்கி அடகிலே வைத்துவிட்டு, கலியாண வீடுகளுக்கு மஞ்சட் கயிற்றோடு வந்தவர் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டோம். சொன்னால் எழுந்து போய்விடுவார்.

இங்கே ஒரு விடயத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2009 ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்தபின், வடக்கிலும் கிழக்கிலும் சிறுகடன் கொடுக்கும் நிறுவனங்கள் பல வந்தன. ஈடு வேண்டாம், பிணைக்குச் சொத்து வேண்டாம், பெண்கள் நால்வர் ஐவர் குழுவாகச் சேர்ந்து கையொப்பமிட்டாற் போதும் என்றன. கையில் பணம் கிடைத்தபோது பெரிய உதவியாகத்தான் தோன்றிற்று. வாரத் தவணை கட்டத் தொடங்கியபின்பே வட்டி எவ்வளவு என்பது விளங்கிற்று. ஒருத்தி கட்டத் தவறினால் மற்ற நால்வரும் கட்ட வேண்டும்; ஆகவே கடன்காரனுக்கு முன்னதாக அயல்வீட்டுக்காரியே வாசலில் வந்து நிற்பாள். ஒரு கடனை அடைக்க மறுகடன், அதனை அடைக்க இன்னொன்று. 2016 ஆம் ஆண்டில் நுண்நிதி தொடர்பாக ஒரு சட்டம் நிறைவேறியது. 2018 ஆம் ஆண்டில், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே பெண்கள் பெற்றிருந்த, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டமொன்றை அரசாங்கம் அறிவித்தது. இவையெல்லாம் நடந்தும் அந்த வாரத் தவணை வாழ்க்கை முற்றாக ஒழிந்துவிட்டது என்று எம்மாற் சொல்ல இயலாது.

எம் சங்கத்து அங்கத்தவர் ஒருவர், மகளின் அறை வாடகைக்காக இத்தகைய கடன் ஒன்றை எடுத்தார். கொடுத்த நிறுவனத்தின் பெயர் ஈண்டு வேண்டியதில்லை. தவணை நாளிலே அவர் எமது மாதாந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை என்பதை நாம் கவனித்தோம். காரணம் விசாரித்தபோது, "அண்டைக்கு வீட்டிலை நிண்டு பதில் சொல்ல வேணும், அக்கா" என்றார். மகளுக்கு இது தெரியுமா என்று கேட்டோம். "தெரிஞ்சால் படிப்பை விட்டிட்டு வந்திடுவாள்" என்றார். அன்று கூட்டத்தில் வேறெதுவும் பேசப்படவில்லை. தையல் வகுப்பு அறிக்கை மேசைமேல் அப்படியே கிடந்தது.

அன்று எடுத்த தீர்மானந்தான் எமது பிடியரிசித் திட்டம். இது புதிதாக நாம் கண்டுபிடித்ததன்று. மடங்களும் பாடசாலைகளும் பிடியரிசியால் நடந்த நாடு இது; எம் பாட்டிமாரின் அடுப்படியிலே பிடியரிசிப் பானை ஒன்று தனியே இருந்தது. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்து அப்பானையில் இட வேண்டும். அவ்வளவே. ஒரு பிடி 50 கிராம் என வைத்துக்கொண்டால், மாதம் ஒன்றுக்கு ஒரு வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோ. 60 வீடுகள் சேர்ந்தால் 90 கிலோ. அதனை அங்கத்தவர்களுக்கே கடை விலைக்கு விற்று, வரும் பணத்தைக் கல்வி நிதியிற் போடுகின்றோம். அந்த நிதியிலிருந்து சர்வகலாசாலை, தொழினுட்பக் கல்லூரி, கல்வியியற் கல்லூரி ஆகிய எதற்குச் செல்லும் பிள்ளையின் தாயாரும் வட்டியின்றிக் கடன் பெறலாம். அங்கத்தவர் இருவர் பிணை நிற்க வேண்டும். பிள்ளை உழைக்கத் தொடங்கியபின் திருப்பித் தந்தாற் போதும். பெருந்தொகை அன்று; மாதத்தில் ஓரிரு பிள்ளைகளின் அறை வாடகைக்குக் காணும். ஆயினும் தவணை நாளில் எவரும் வீட்டுக்குள் ஒளிந்திருக்க வேண்டியதில்லை.

இத்திட்டத்தைத் தொடங்கியபோது, "அரிசிப் பிடியாலே பட்டதாரியை உண்டாக்கப் போகினமோ?" என்று சந்தியிலே சிலர் சிரித்ததாகக் கேள்வியுற்றோம். முன்வரிசையைப் பார்த்துக்கொள்ளும்படி அவர்களை வேண்டுகின்றோம்.

இனி, மாதர் சங்கம் என்பது என்ன என்ற கேள்விக்கு வருவோம். பட்டம் பெற்ற பிள்ளைகளுள் ஒருத்தி எம்மிடம் விநயமாகக் கேட்டாள்: "தையல், ஊறுகாய், முறுக்கு, இவ்வளவுதானே அன்ரி மாதர் சங்கம்?" அவள் கேட்டது நியாயமே. வெளியிலிருந்து பார்ப்போருக்கு அவையே தெரியும். ஆகவே அதன் பிறப்பைச் சிறிது சொல்லிவிடுகின்றோம்.

கனடா தேசத்திலே ஒன்ராறியோ மாகாணத்தில் அடிலெய்ட் ஹூட்லெஸ் என்றொரு தாய் இருந்தார். 1889 ஆம் ஆண்டிலே அவருடைய கைக்குழந்தை இறந்தது. கெட்டுப்போன பாலே காரணம் எனக் கூறப்பட்டது. வசதியான குடும்பம், அன்புக்குக் குறைவில்லை. பாலை எவ்வாறு தூய்மையாக வைத்திருப்பது என்ற அறிவு மாத்திரம் அந்த வீட்டை எட்டவில்லை. அந்தத் தாய் அழுது ஓயவில்லை. வீட்டுப் பரிபாலனமும் சுகாதாரமும் பெண்களுக்குப் பாடமாகக் கற்பிக்கப்படல் வேண்டும் என்று ஊரூராகச் சென்று பேசினார். 1897 ஆம் ஆண்டு பெப்புருவரி 19 ஆம் நாள் ஸ்ரோனி கிறீக் என்னும் கிராமத்திலே நாட்டுப்புறப் பெண்களின் முதலாவது சங்கம் கூடிற்று. இன்று உலகெங்கும் உள்ள கிராம மாதர் சங்கங்கள் பலவற்றுக்கு மூலவேர் அதுவே.

அந்த வேர் இலங்கைக்கு வந்தது டாக்டர் மேரி இரத்தினம் என்னும் அம்மையாரால். 1873 ஆம் ஆண்டிற் கனடாவிலே பிறந்து மருத்துவம் கற்றவர். எம்மவரான எஸ். சி. கே. இரத்தினம் அவர்களை மணந்து 1896 ஆம் ஆண்டில் இங்கு வந்தார். யாழ்ப்பாணத்திலே பெண்களுக்கு வைத்தியம் செய்யவென்று புறப்பட்டவரை, ஒரு தமிழரை மணந்தார் என்ற காரணத்தால் மிஷன் ஏற்றுக்கொள்ளவில்லை. எமக்கு வரவேண்டிய வைத்தியர் கொழும்புக்குப் போய்விட்டார்! போனவர் வாளாவிருக்கவில்லை. பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய சங்கத்திலே முன்நின்றார். 1937 ஆம் ஆண்டிற் கொழும்பு மாநகரசபைக்குத் தெரிவான முதற் பெண்மணியானார். 1930 ஆம் ஆண்டிலே, தாம் பிறந்த நாட்டின் மாதிரியைக் கொண்டு, லங்கா மகிளா சமிதியைத் தோற்றுவித்தார். கிராமத்துப் பெண்கள் தாமே கூடி, தம் குழந்தைகளின் சுகத்தையும், தம் தோட்டத்தையும், கைத்தொழிலையும், ஊரின் குறைகளையும் தாமே ஆராயும் சங்கங்கள் நாடெங்கும் எழுந்தன. 1958 ஆம் ஆண்டில், 85 வயதிலே, அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. 1962 இல் மறைந்தார். இன்று கிராமந்தோறும் வெவ்வேறு பெயருடன் இயங்கும் மாதர் சங்கங்கள் அந்த வழியில் வந்தவையே. ஊறுகாய் இடையில் வந்து சேர்ந்தது. அதனையும் நாம் இழிவாக எண்ணவில்லை. பாலர் பாடசாலைக்குக் கூரை போட்டது ஊறுகாய் விற்ற பணமே.

கெட்ட பால் என்றோமல்லவா? அதே கதை எம் ஊர்க் கிணற்றடியிலும் உண்டு. சென்ற ஆண்டு எமது கூட்டம் ஒன்றிலே, அப்போது இறுதியாண்டு விஞ்ஞான மாணவியாக இருந்த பிள்ளை ஒருத்தியைத் தண்ணீரைப் பற்றிப் பேசும்படி கேட்டோம். எதையேனும் பேசிவிட்டுப் போவாள் என்றே பலரும் நினைத்திருந்தனர். அவளோ எம் காலுக்குக் கீழிருந்தே தொடங்கினாள். யாழ்ப்பாணத்திலே வற்றாத ஆறு இல்லை. நாம் குடிப்பது முழுவதும் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலே தேங்கி நிற்கும் மழைநீர். கடல்நீரின் மேலே நன்னீர் ஒரு படையாக மிதக்கிறது. மேலே எதைக் கொட்டினாலும் அது விரைவிற் கீழே இறங்கிவிடும். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அள்ளிப் போடும் யூரியாவும், கிணற்றுக்கு அருகே வெட்டிய மலகூடக் குழியும் நைத்திரேற்று என்னும் உப்பாகத் தண்ணீரிலே கலக்கின்றன. நிறம் இல்லை, மணம் இல்லை, சுவையிலும் வேறுபாடு தெரியாது. ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. வலிகாமத்துக் கிணறுகள் பல இந்த எல்லையைக் கடந்துள்ளன என்பதை ஆராய்ச்சியாளர் பல தடவை காட்டியுள்ளனர். பெரியவர்களை விட, ஆறு மாதத்துக்கு உட்பட்ட பச்சிளங் குழந்தைக்கே இதனால் ஆபத்து அதிகம். அந்தத் தண்ணீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால், குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழக்கும். உடல் நீலம் பாரிக்கும்.

அப்போது பின்வரிசையிலிருந்த ஆச்சி ஒருவர் எழுந்தார். "நாங்கள் பச்சைத் தண்ணியோ குடுக்கிறம்? கொதிக்க வைச்சுத்தானே பிள்ளை கரைக்கிறது?" என்றார். அவள் சொன்னாள்: "கொதிக்க வைச்சால் கிருமி சாகும், ஆச்சி. இது சாகிற சாமான் இல்லை. தண்ணி வத்த வத்த இது கூடத்தான் செய்யும்." மண்டபம் அப்படியே அடங்கிப்போயிற்று. நாற்பது ஐம்பது ஆண்டுகளாகப் பிள்ளை வளர்த்தவர்கள், பேர்த்தி வயதினள் சொன்ன ஒரு வார்த்தையிலே தம் அடுப்படியைப் புதிதாகப் பார்த்தார்கள். சிறிது நேரத்தின் பின் ஆச்சியே மறுபடியும், "அப்ப, ஆறு மாதத்துக்குத் தாய்ப்பாலே குடுத்தால் இந்தக் கரைச்சல் இல்லையல்லோ?" என்று கேட்டார். "அதுதான் ஆச்சி முதல் மருந்து" என்றாள் பிள்ளை. படித்தவளின் விஞ்ஞானமும் படியாதவரின் அனுபவமும் அங்கே ஒரு புள்ளியிற் சந்தித்ததைக் கண்டோம். அந்த மாலையை மறக்க மாட்டோம்.

அதன் பின்னர் அங்கத்தவர் வீட்டுக் கிணறுகளிலிருந்து தண்ணீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினோம். எந்த வீட்டுக் கிணறு எல்லை கடந்தது என்று கூட்டத்தில் வாசித்து எவரையும் வெட்கப்படுத்தவில்லை. கைக்குழந்தையும் கர்ப்பிணியும் உள்ள வீடுகளுக்கு இருவர் இருவராகச் சென்று சொன்னோம். அவ்வீடுகளுக்கு நல்ல கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுக்க அயலார் இணங்கினர். வேலிச் சண்டையால் பல ஆண்டு பேசாதிருந்த இரு வீடுகள் ஒரு குடத்தோடு பேசத் தொடங்கின என்பது இந்த ஆராய்ச்சியில் எதிர்பாராத பெறுபேறு!

மற்றப் பணிகளை விரைவிற் சொல்லிவிடுகின்றோம். பாலர் பாடசாலை நடைபெறுகிறது. மாரிக்கு முன் டெங்கு நுளம்பு பெருகாமல் வீதி ஓரங்களைத் துப்புரவாக்கினோம். வாலிபர் சங்கத்தார் மண்வெட்டியோடு வந்தனர், சிலர் கைத்தொலைபேசியோடும் வந்தனர். தனித்து வாழும் முதியோருக்கு வாரம் ஒருமுறை போய்வருகின்றோம். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறார்கள். மருந்துத் துண்டை வாசித்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

இனி, சற்றுக் கசப்பான விடயம். பட்டம் பெற்றோரைப் பாராட்டும் இவ்விழாவை எவ்வாறு நடத்துவது என எம் சங்கத்திற் பேச்செழுந்தபோது, கருத்து வேற்றுமை உண்டாயிற்று. "பட்டம் கிடைச்சவைக்கு மாலை. கிடையாத பிள்ளையள் எங்கை போறது?" என்று ஒரு தாயார் கேட்டார். அவருடைய மகள் நன்றாகப் படித்தவள். வெட்டுப்புள்ளி சிறிது தவறியது. இலங்கையிலே சர்வகலாசாலை இடங்களில் நூற்றுக்கு 40 திறமை அடிப்படையிலும், 55 மாவட்ட அடிப்படையிலும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் எனப் பங்கிடப்படுகின்றன. எவ்விதம் பங்கிட்டாலும் இடம் குறைவு. தகுதி பெற்றோரில் மிகப் பலர் வெளியில் நிற்கின்றனர். அவர்கள் தோற்றவர்கள் அல்லர். இடமில்லாத வீட்டுக்கு வந்த விருந்தினர். எம் பாலர் பாடசாலையை நடத்துபவள் அத்தகைய பிள்ளை ஒருத்தியே. ஆகவே அவளையும், தாதியர் பயிற்சியை முடித்த பிள்ளையையும், தொழினுட்பக் கல்லூரியில் மின்னியல் கற்றுவந்த பிள்ளையையும் இன்று இம்மேடைக்கு அழைக்கத் தீர்மானித்தோம். இதிலே மனக்குறைப்பட்ட பட்டதாரி வீட்டார் ஓரிருவர் உண்டு என்பது எமக்குத் தெரியும். அவர்களும் வந்திருக்கிறார்கள், மகிழ்ச்சி.

பட்டம் கிடைத்த பிள்ளைகளுக்கும் வழி மலர் தூவியதன்று. 2017 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்காகத் தெருவிலிருந்து போராடியதை நாம் மறக்கவில்லை. நாட்டிலே வேலை செய்யும் வயதுப் பெண்களுள் தொழிற்படையிற் சேர்ந்திருப்போர் மூன்றிலொரு பங்கினர் அளவே. படிப்பிலே முன்வரிசை, வேலையிலே பின்வரிசை. இடையில் என்ன நேருகிறது? அரசாங்கத்தின் பங்கு ஒன்று உண்டு. வீட்டின் பங்கும் உண்டு. தூரம் என்று மறிப்போம். இரவு பஸ் என்று மறிப்போம். கலியாணம் பேசுகிறோம் என்று மறிப்போம்.

கலியாணம் என்றதும் வாலிபச் சகோதரர்களிடம் ஒரு வார்த்தை. உங்கள் விழாவில் உங்களையே கேட்பது முறையல்ல என்று நினைப்பீர்களாயின் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒல்லாந்தர் காலத்தில், 1707 ஆம் ஆண்டிலே தொகுக்கப்பட்ட தேசவழமையில், சீதனம் என்பது பெற்றோர் தம் மகளுக்குக் கொடுக்கும் உடைமை. அது அவளுடையது. இன்று "டொனேசன்" என்ற நாகரிகப் பெயரோடு மாப்பிள்ளை வீட்டாருக்கு எண்ணிக் கொடுக்கும் காசு எந்த வழமையிலும் இல்லை. பெண் பட்டதாரியானால் இத்தொகை குறையும் என்று எம் தலைமுறை நம்பிற்று. நடந்ததோ வேறு. பெண் பட்டதாரி, ஆகவே மாப்பிள்ளை அதற்கு மேல் டாக்டர் அல்லது எஞ்சினியர், ஆகவே தொகையும் அதற்கு மேல்! அரிசிப் பிடி சேர்த்துப் படிக்கவைத்த தாய், படித்து முடித்த மகளுக்காக வளவை ஈடு வைக்கிறாள். இதனை மாதர் சங்கத் தீர்மானத்தால் மாற்ற இயலாது. சீதனம் வேண்டாம் என்று தாயிடம் சொல்லக்கூடியவர்கள் இந்த மண்டபத்தின் இடப்புறத்திலே நாற்காலிகளில் இருக்கிறார்கள். அத்தாய்மாருள் சிலர் எம் சங்கத்து அங்கத்தவர்கள் என்பதையும் ஒளிக்காமற் சொல்லவேண்டும், வலப்புறம் அமர்ந்திருக்கிறார்கள். இரண்டு புறமும் இன்றிரவு வீட்டிற் பேசிக்கொள்ளுங்கள்.

பட்டம் பெற்ற பிள்ளைகளே! நீங்கள் வேலை கிடைக்கும்வரை ஊரில் இருந்தாலும் சரி, நாளைக்கே கொழும்புக்கோ பிறநாட்டுக்கோ போவதாயினும் சரி, உங்களை மறிக்கும் எண்ணம் எமக்கில்லை. போகவேண்டியவர் போகத்தான் வேண்டும். ஊரில் இருக்கும்வரை சனிக்கிழமைகளில் ஒன்றரை மணி நேரம் எமக்குத் தாருங்கள் என்றே கேட்கின்றோம். அடுத்த சனிக்கிழமை பிற்பகல் 3 மணி முதல், மாதர் சங்க மண்டபத்தில் சாதாரணதரப் பிள்ளைகளுக்குக் கணிதமும் ஆங்கிலமும் கற்பிக்கும் வகுப்பு ஆரம்பமாகின்றது. கட்டணம் இல்லை. கரும்பலகை உண்டு, வெண்கட்டி பிடியரிசிக் கணக்கிலிருந்து வரும். மூவர் பெயர் கொடுத்துவிட்டார்கள். மின்னியல் கற்ற பிள்ளை, மண்டபத்து மின்கம்பிகளைத் தானே பார்த்துத் தருவதாகக் கூறியிருக்கிறாள். இனிப் பெயர் கொடுக்க விரும்புவோர் பொருளாளர் அக்காவிடம் கொடுக்கலாம்; வாசலுக்கு அருகில் நிற்கிறார்.

இப்பொழுது பிள்ளைகளை ஒவ்வொருவராக மேடைக்கு அழைக்கின்றோம். ஒவ்வொரு பிள்ளையும் தாயாரோடு வரவேண்டும். தாயார் இல்லாதவர், தம்மை வளர்த்தவரோடு வரவேண்டும். ஒருவருக்கு இரண்டு மாலைகள் உள்ளன. முதல் மாலையைத் தாயார் பிள்ளைக்குச் சூட்டுவார். இரண்டாவதைப் பிள்ளை தாயாருக்குச் சூட்டவேண்டும். படம் எடுக்கும் தம்பி சற்று முன்னுக்கு வந்து, இரண்டாவது மாலை விழும்வரை பொறுத்திருக்கும்படி கேட்டுக்கொள்கின்றோம்.